கேள்வி – பதில்: உள்ளூர்ச் செய்தி எழுதப் பழகுவோருக்கு

ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் குடியேறியவர்களுக்கான சமூகச் செய்தியாளர் பயிற்சி பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வந்தது. அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு, பயிற்சி நடத்தும் ஆசிரியர் குழு இங்கே பதில் தருகிறது.

கேள்வி: கனடாவுக்கு வந்து இரண்டு வருடம். முன்பு எந்தப் பத்திரிகையிலும் வேலை செய்ததில்லை. ஊடக அடையாள அட்டை இல்லாமல் மாநகரசபைக் கூட்டத்துக்குப் போனால் உள்ளே விடுவார்களா? (வாசகர், ஸ்காபரோ)

விடுவார்கள். கனடாவில் செய்தியாளருக்கு அரசாங்க உரிமம் என்று ஒன்றும் கிடையாது. கழுத்தில் தொங்கும் அட்டை அந்தந்த நிறுவனம் கொடுப்பது. அது இல்லாவிட்டாலும் சபைக் கூட்டம் உங்களுக்குத் திறந்ததுதான். சட்ட ஆலோசனை, ஊழியர் விவகாரம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் கதவைச் சாத்துவார்கள். நேரில் போக நேரமில்லையா, யூடியூப் நேரலையில் பார்க்கலாம்.

முதல் தடவையே மேயரும் 25 உறுப்பினரும் இருக்கும் முழுச் சபைக்குப் போய்க் குழம்ப வேண்டாம். ஸ்காபரோ சமூக சபையிலிருந்து (அந்தப் பகுதி உறுப்பினர்கள் மட்டும் கூடும் குழு) தொடங்குங்கள். பாதசாரிக் கடவை, வாகனத் தரிப்பு, புதுக் கட்டடம் என்று உங்கள் தெருவுக்கு வருகிறவை அங்கேதான் முதலில் வரும். நிகழ்ச்சி நிரல் கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பே இணையத்தில் ஏறிவிடும். ஒவ்வொரு விடயத்துக்கும் ஓர் எண் இருக்கும்: ஆண்டு, குழுவின் இரண்டெழுத்துச் சுருக்கம், அந்தச் சபைக் காலத்தில் எத்தனையாவது கூட்டம், எத்தனையாவது விடயம். 'எஸ்.சி.' என்றிருந்தால் ஸ்காபரோ. இந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால் ஆறு மாதம் கழித்தும் அதே விடயத்தைத் தேடிப் பிடிக்கலாம்.

எண்ணின் கீழே அதிகாரிகளின் அறிக்கை இணைக்கப்பட்டிருக்கும். நாற்பது பக்கத்தையும் வாசிக்கத் தேவையில்லை. 'பரிந்துரைகள்', 'நிதித் தாக்கம்' என்ற இரண்டு பகுதிகளையும் முதலில் வாசியுங்கள். செய்தி பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

புதியவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சமூக சபை சில விடயங்களில் தானே முடிவெடுக்கலாம். வேறு பலவற்றில் பரிந்துரைக்க மட்டுமே முடியும், முடிவு முழுச் சபையுடையது. 'கட்டடத்துக்கு அனுமதி' என்று தலைப்புப் போட்டுவிட்டு, அடுத்த கூட்டத்தில் அது தள்ளிப்போனால் தலைகுனிவு உங்களுக்குத்தான். இது பரிந்துரையா முடிவா என்று கூட்டச் செயலாளரிடம் கேளுங்கள். ஒரு நிமிட வேலை.

கேள்வி: மார்க்கம் நகரத்தில் இருக்கிறேன். என் செய்திகளும் 'ரொறன்ரோச் செய்தி'தானே?

இல்லை. ஸ்டீல்ஸ் அவெனியூதான் இரண்டு நகரங்களுக்கும் எல்லை. வீதியின் தென்பக்கக் கடையில் களவு போனால் ரொறன்ரோப் பொலிஸ், வடபக்கக் கடையில் போனால் யோர்க் பிராந்தியப் பொலிஸ். சபை வேறு, பள்ளிக்கூட வாரியம் வேறு. கடையின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு வராமல் வீதியின் எந்தப் பக்கம் என்றும் பார்த்து வாருங்கள். குப்பை நகரத்துக்கு, வாடகை விதி மாகாணத்துக்கு, குடிவரவு மத்திய அரசுக்கு என்ற பிரிப்பும் மனப்பாடமாக இருக்க வேண்டும். தவறான அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தால் அரை நாள் போய்விடும்.

கேள்வி: எங்கள் கட்டடத்தில் 1,600 டொலர் வாடகையை 1,900 ஆக்கப்போவதாக முகாமையாளர் சொல்லித் திரிகிறார். வயதானவர்கள் அழுகிறார்கள். இதை எப்படிச் செய்தியாக்குவது?

முதலில் ஒன்று. அது உங்கள் கட்டடம் என்றால், அந்தச் செய்தியை எழுத வேண்டியவர் நீங்கள் அல்ல. தகவலைச் சேர்த்து இன்னொருவரிடம் கொடுங்கள். நீங்களேதான் எழுத வேண்டும் என்ற நிலை வந்தால், நானும் அங்கே குடியிருக்கிறேன் என்பதைச் செய்திக்குள்ளேயே சொல்லிவிடுங்கள்.

பிறகு, அழுகையிலிருந்து தொடங்காமல் கடதாசியிலிருந்து தொடங்குங்கள். ஒன்ராறியோவில் வாடகையைக் கூட்டுவதென்றால் 90 நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வழமையாக 'என்1' என்ற படிவம் வரும். ஒருமுறை கூட்டினால் அடுத்த 12 மாதங்களுக்குக் கூட்ட முடியாது. கூட்டும் அளவுக்கு மாகாணம் ஆண்டுதோறும் உச்சவரம்பு அறிவிக்கிறது: 2025 இல் 2.5 சதவீதம், 2026 இல் 2.1 சதவீதம். 1,600 டொலருக்கு 2.1 சதவீதம் 33 டொலர் 60 சதம். 300 எங்கே, 33.60 எங்கே!

இந்த இடத்தில் கை துருதுருக்கும். பொறுங்கள். 2018 நவம்பர் 15 க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறப்பட்ட வீடுகளுக்கு அந்த உச்சவரம்பு பொருந்தாது. பழைய கட்டடம் என்றாலும், பெரிய திருத்த வேலைகளைக் காட்டி வாடகைத் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பித்து மேலதிகமாகக் கூட்ட ஒரு வழி உண்டு. ஆகவே மூன்றைக் கேட்டு அறியுங்கள்: கட்டடத்தில் ஆட்கள் முதலில் குடிவந்தது எப்போது? அறிவித்தல் எழுத்தில் வந்ததா? தீர்ப்பாயத்தில் விண்ணப்பம் ஏதும் இருக்கிறதா?

குறைந்தது ஐந்து வீட்டாரிடம் அறிவித்தலைக் காட்டச் சொல்லிப் படம் எடுங்கள். வீட்டு இலக்கத்தைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். ஐவரும் ஒரே தொகையைச் சொன்னாலும் கடதாசிகளில் வெவ்வேறு தொகை இருப்பதுண்டு. கடதாசியே இல்லை, முகாமையாளர் படிக்கட்டில் வைத்து வாயால் சொன்னதுதான் என்றால் செய்தியே வேறாகிவிடும்: எழுத்து அறிவித்தல் வராமல் வாடகையைக் கூட்ட முடியாது என்பது தெரியாமல் ஆட்கள் அடுத்த மாதமே கட்டத் தயாராகிறார்கள். 1,900 கதையை விட அந்தச் செய்தியால்தான் வாசகருக்குப் பயன் அதிகம்.

வீட்டு உரிமையாளருக்கு மின்னஞ்சலும் தொலைபேசியும் இரண்டும் போட வேண்டும். பதிலுக்குக் குறைந்தது இரண்டு வேலை நாட்கள் கொடுங்கள். எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், யார் பேசினார் என்று குறித்து வையுங்கள். எழுதும்போது 'சட்டவிரோத வாடகை உயர்வு' என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். விதி இது, அறிவித்தலில் இருக்கிற தொகை இது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மிச்சம் வாசகருக்கு விளங்கும்.

கேள்வி: ஓர் அம்மாவைத் தமிழில் செவ்வி எடுத்து ஆங்கிலத்தில் எழுதினேன். "நான் அப்படிச் சொல்லவே இல்லை, தம்பி" என்கிறார். ஒலிப்பதிவு கையில் இருக்கிறது. பிழை எங்கே?

ஒலிப்பதிவை இன்னொருமுறை போட்டு, அவருடைய வாயிலிருந்து என்ன வந்தது என்று மட்டும் கேளுங்கள். பத்தில் எட்டுத் தடவை இப்படித்தான் இருக்கும்: "வேலை செய்த இடத்தில உங்களைக் கூடாமல் நடத்தினவை, சம்பளமும் பிடிச்சு வைச்சவை, என்னம்மா?" என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர் "ஓம்... ஓம்..." என்றிருப்பார். நம்முடைய 'ஓம்' எப்போதும் சம்மதம் அல்ல. 'கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லும்' என்பதற்கும் அதே ஓம்தான். ஆங்கிலத்தில் அது 'சம்பளத்தைப் பிடித்து வைத்தார்கள் என்று அவர் கூறினார்' என்று போய்விட்டது. கூறியது நீங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். அதுவும் 'என்ன நடந்தது', 'எப்போது', 'எவ்வளவு' என்ற வகையாக இருக்கட்டும். சம்பளம் என்றால், மணிக்கு எவ்வளவு, கையிலா வங்கியிலா, கடைசியாக வந்தது எந்தத் திகதி. கேட்டுவிட்டு ஐந்து விநாடி வாயைத் திறக்காதீர்கள். இரண்டாவது வாக்கியம் அந்த மௌனத்தில்தான் வரும்.

மொழிபெயர்க்கும்போது இன்னும் இரண்டு குழிகள். யாழ்ப்பாணப் பேச்சில் 'அவை வந்தவை' என்றால் பலர் வந்தார்கள் என்பதாகவும் இருக்கலாம், ஒருவரை மரியாதையாகச் சொன்னதாகவும் இருக்கலாம். ஆங்கிலப் பன்மையில் போட்டால் ஒரு மேற்பார்வையாளர் ஒரு கும்பலாகிவிடுவார். "எத்தனை பேர் அம்மா?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். அடுத்தது உறவுமுறை. 'என்ர அண்ணா' கூடப்பிறந்தவரா, பெரியம்மா மகனா, ஊரில் பக்கத்து வீட்டுக்காரரா? ஆங்கிலத்தில் சகோதரர் என்று எழுதினால், அவருடைய குடிவரவுப் பத்திரத்தில் சகோதரரே இல்லை என்ற சிக்கல் வரை அது போகலாம்.

மேற்கோள் குறிக்குள் போடப்போகும் வாக்கியங்களை மட்டும் அவருக்குத் தமிழில் திரும்ப வாசித்துக் காட்டுங்கள். முழுக் கட்டுரையையும் காட்ட வேண்டாம். அது வேறு வம்பு. உறுதியில்லாத வாக்கியத்தை மேற்கோளாகப் போடாமல் உங்கள் சொல்லில் எழுதிவிடுங்கள். கைத்தொலைபேசிச் செயலிகள் தமிழைத் தாமாகவே எழுத்தாக்கித் தருகின்றன, உண்மைதான். எங்கள் பேச்சுத் தமிழில் அவை தடுமாறும். பெயரையும் எண்ணையும் காதால் கேட்டுச் சரிபார்க்காமல் எடுக்கக் கூடாது.

பதிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொலைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு, பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாணுக்குள் வையுங்கள். நம் வீடுகளில் செவ்வி நடப்பது குசினி மேசையில். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் அறையில் காதுக்குத் தெரியாது, பதிவில் மாட்டு வண்டி போலக் கேட்கும். அதை நிறுத்திவிட்டு உங்கள் கார்ச் சாவியை அதற்குள் வையுங்கள். திரும்பப் போட மறக்காமல் வீட்டுக்குப் போக முடியாது. முடிவில் யாரும் பேசாத அரை நிமிடத்தையும் பதிந்துகொண்டால் வெட்டி ஒட்டும்போது உதவும்.

சட்டம்: நீங்களும் பங்கெடுக்கும் உரையாடலை நீங்கள் பதிவது கனடாவில் குற்றமல்ல. நீங்கள் இல்லாத இடத்தில் வேறு இருவர் தனியே பேசுவதை ஒளித்துப் பதிந்தால் குற்றம். எப்படியிருந்தாலும், 'பதிகிறேன்' என்று சொல்லிவிட்டே பதியுங்கள்.

கேள்வி: பொலிஸ் அறிக்கையில் ஆங்கிலத்தில் வந்த பெயரைத் தமிழில் எழுதினேன். குடும்பத்தார் கோபிக்கிறார்கள்.

கோபிக்கத்தான் செய்வார்கள். ஆங்கிலத்தில் த, ட இரண்டும் பல நேரம் ஒரே எழுத்தில் வரும். ல, ள, ழ மூன்றுக்கும் பெரும்பாலும் ஓர் எழுத்துத்தான். ஊகித்து எழுதாமல் குடும்பத்திடமோ நண்பரிடமோ தமிழ் எழுத்தைக் கேட்டு, அவர்கள் எழுதித் தந்ததைப் படம் எடுத்து வையுங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது வேறொரு தொல்லை: இரண்டாவது தடவை குடும்பப் பெயரால் குறிப்பது ஆங்கிலப் பத்திரிகைகளின் வழக்கம். நம்மவருக்கு அந்த இடத்தில் நிற்பது தகப்பனின் பெயர். மகனைக் கைது செய்த செய்தி, வாசிக்கிறவர் காதில் தகப்பனைக் கைது செய்ததாக விழும். முதற்பெயரையே திரும்பவும் போடும்படி ஆங்கிலப் பதிப்பாசிரியரிடம் காரணத்தோடு கேளுங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள்.

கேள்வி: அகதிக் கோரிக்கை வைத்திருக்கும் ஒருவர் பேச முன்வருகிறார். பெயரை மாற்றினால் போதுமா?

போதாது. அகதிக் கோரிக்கை விசாரணைகளைச் சட்டமே மூடிய கதவுக்குள் வைத்திருக்கிறது. நீங்கள் எழுதுவது அந்தக் கதவைத் திறந்துவிடக் கூடாது. ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு ஆபத்து வரலாம். அவர் விசாரணையில் சொன்னதற்கும் உங்களிடம் சொன்னதற்கும் ஒரு திகதி வேறுபட்டால் கோரிக்கையே பாதிக்கப்படலாம். முதலில் தன் சட்டத்தரணியிடம் பேசும்படி அவரிடம் சொல்லுங்கள். அதற்காகச் செய்தி ஒரு மாதம் தாமதித்தால் தாமதிக்கட்டும்.

பிறகு அடையாளங்களை எண்ணுங்கள்: ஊர், வந்த மாதம், வேலைத்தலம், பிள்ளைகளின் எண்ணிக்கை, குரல், யன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடம், சுவரில் தொங்கும் கோயில் கலண்டர். தனித்தனியே ஒன்றும் இல்லை. மூன்றைச் சேர்த்தால் நம்மிடையே ஆளைக் கண்டுபிடிக்க ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். ஒலிபரப்புக்கென்றால் அவர் சொன்னதை வேறொருவரை வாசிக்க வையுங்கள். குரலை இயந்திரத்தால் மாற்றுவதில் நம்பிக்கை வைக்க வேண்டாம். படம் அனுப்பும்போது அதற்குள் பதிந்திருக்கும் இடத் தகவலை நீக்குங்கள். தமிழில் எழுதினால் முதலாளிக்கு விளங்காது என்று அவர் நினைத்திருப்பார்; இணையத்தில் எந்தப் பக்கத்தையும் ஒரு அழுத்தில் ஆங்கிலமாக்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லி, அதன் பிறகே சம்மதம் கேளுங்கள்.

கேள்வி: ஒரு வர்த்தகர் சீட்டுப் பணத்தோடு ஓடிவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. "கிடைத்த தகவல்" என்று போட்டுப் பகிர்ந்தால் தப்பலாமா?

தப்ப முடியாது. அவதூறைத் திரும்பச் சொல்வதும் அவதூறுதான். 'என்று கூறப்படுகிறது' என்ற வால் காப்பாற்றாது. கனடா உச்ச நீதிமன்றம் 2009 இல் கிராண்ட் எதிர் டோர்ஸ்டார் வழக்கில், பொதுநலன் சார்ந்த விடயத்தில் பொறுப்போடு விசாரித்து வெளியிட்டவருக்கு ஒரு தற்காப்பைத் தந்தது. பொறுப்பா இல்லையா என்பதற்கு நீதிமன்றம் பார்ப்பவற்றில் முக்கியமானது, மறுபக்கத்தைக் கேட்டீர்களா என்பது. சீட்டுக் கட்டியவர்களின் கணக்குக் கொப்பி, வங்கிப் பரிமாற்றச் சீட்டு, பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், வர்த்தகரைத் தொடர்பு கொண்ட நேரங்கள்: இவை கையில் இருந்தால் எழுதலாம். இல்லையென்றால் அது இன்னும் செய்தியாகவில்லை.

சிறு பத்திரிகை நடத்துவோருக்கு ஒரு துணுக்கு: ஒன்ராறியோவில் பத்திரிகை மீது வழக்குப் போட விரும்புகிறவர், விடயம் தெரியவந்து ஆறு வாரத்துக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். உரிமையாளர், வெளியீட்டாளர் பெயரும் முகவரியும் உரிய இடத்தில் அச்சாகியிருந்தால்தான் இந்தக் காலக்கெடு உங்களைக் காக்கும். அந்த இரண்டு வரியை விளம்பரத்துக்காக எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: நீதிமன்றத்தில் படம் எடுக்கலாமா?

கூடாது. இணையவழி விசாரணையைத் திரையில் படம் பிடிப்பதும் கூடாது. குறிப்புக்குப் பதிலாகச் செய்தியாளர் ஒலிப்பதிவு செய்ய வழி உண்டு, ஆனால் நீதிபதி ஏற்கும் முறையில் மட்டும். அதை ஒலிபரப்பக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் 12 முதல் 17 வயது வரையானவர் என்றால் பெயரும் அடையாளம் காட்டும் தகவலும் வரக் கூடாது. 'இன்ன கடை உரிமையாளரின் மகன்' என்று எழுதினாலே போதும், சட்டத்தை மீறியாகிவிட்டது.

கேள்வி: எங்கள் செய்தி இணைப்பு முகநூலில் தெரியவில்லை. கணக்கு முடக்கமா?

முடக்கம் அல்ல. பெரிய இணையத் தளங்கள் செய்திக்குக் காசு கொடுக்க வேண்டும் என்ற இணையச் செய்திச் சட்டம் 2023 இல் வந்ததும், அந்த ஆகஸ்டிலிருந்து முகநூலின் உரிமையாளரான மெட்டா நிறுவனம் கனடாவில் முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் செய்தி நிறுவனங்களின் பதிவுகளைக் காட்டாமல் விட்டது. மின்னஞ்சல் மடலும் வாட்ஸ்அப்பும் வேலை செய்கின்றன. மரக்கறிக் கடை வாசலில் வைக்கும் அச்சுப் பிரதியைக் குறைவாக எண்ணாதீர்கள்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் இப்படி ஒரு வகுப்பு வைக்க விரும்புகிறோம். எத்தனை வாரம், எவ்வளவு செலவு?

எட்டுச் சனிக்கிழமை, தடவைக்கு இரண்டரை மணி நேரம், 12 பேர். 12 க்கு மேல் எடுக்காதீர்கள். காரணம் மண்டபத்தில் இடமில்லாமை அல்ல, திருத்தும் நேரம். ஒருவரின் 400 சொல் கட்டுரையை அவரைப் பக்கத்தில் வைத்து வரிவரியாகத் திருத்த 45 நிமிடம் பிடிக்கும். 12 பேருக்கு ஒரு சுற்று 9 மணி நேரம். இரண்டு சுற்றாவது வேண்டும், ஆகவே இரண்டு பதிப்பாசிரியர்கள். பயிற்சியில் உண்மையில் கற்பது அந்த 45 நிமிடத்தில்தான். விரிவுரை எல்லாம் சும்மா ஊறுகாய்.

இதழியல் வரலாற்றை விட்டுவிடுங்கள். முதல் வாரமே ஒரு தெருவுக்கு அனுப்பி, பத்து விவரம் எழுதி வரச் சொல்லுங்கள். 'பல கடைகள்' என்று எழுதினால் திரும்பப் போய் எண்ணி வர வேண்டும். இரண்டாம் வாரம் சபை நிகழ்ச்சி நிரலில் ஒரு விடயம், 150 சொல். அடுத்து செவ்வி, பிறகு கணக்கும் ஆவணமும், ஐந்தாம் வாரம் சட்டம். மிச்சம் எழுதுவதும் திருத்துவதும். ஆவண வாரத்தில் தகவல் கோரும் விண்ணப்பம் ஒன்றைக் கூட்டாகப் போடுங்கள். நகரசபைக்கான கட்டணம் 5 டொலர். தேடும் வேலைக்கு ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் ஏழரை டொலர் கேட்கலாம். 'பூங்கா பற்றிய எல்லா ஆவணமும்' என்று கேட்டால் பெரிய பில் வரும். ஒரு பூங்கா, ஒரு ஆண்டு, முறைப்பாட்டுப் பட்டியல் மட்டும் என்று குறுக்குங்கள்.

கருவி வாங்கக் காசைக் கொட்டாதீர்கள். ரொறன்ரோப் பொது நூலகத்தின் சில கிளைகளில் ஒலி, காணொளி பதியவும் வெட்டவும் இலவச வசதி உண்டு. காசு போக வேண்டியது பஸ்ஸுக்கும் பிள்ளை பார்ப்பதற்கும். பிரெஸ்டோ பயண அட்டையில் ஒருவழிக்கு 3.30 டொலர், போகவர, எட்டு வாரம், 12 பேருக்கு 633 டொலர் 60 சதம். இதைத் திட்டத்தில் போடாத வகுப்புகள் நாலாம் வாரம் பாதியாகின்றன. ஷிப்ட் மாறுகிறவர்களுக்காக அதே பாடத்தைச் செவ்வாய் இரவில் இன்னொருமுறை நடத்தினால் இன்னும் இரண்டு மூன்று பேர் தங்குவார்கள்.

எல்லோரும் முதலில் தெரிவு செய்யும் தலைப்பு 'குடியேறியவர்களின் பிரச்சினைகள்' என்பதாக இருக்கும். அதை ஒரு பஸ் தரிப்பிடம் அளவுக்குச் சுருக்க வைப்பதுதான் ஆசிரியரின் வேலை.

கேள்வி: படிப்பு அனுமதியில் இருக்கிறேன். கட்டுரைக்குக் காசு வாங்கலாமா?

வளாகத்துக்கு வெளியே வேலை செய்யும் தகுதி உங்கள் அனுமதியில் இருந்தால் வாங்கலாம். படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 24 மணி நேரம் என்ற வரம்பு எழுதும் நேரத்துக்கும் சேர்த்துத்தான். கடை வேலையும் இதுவும் கூட்டிக் கணக்கிடுங்கள். காசு வாங்காவிட்டால் வேலை இல்லை என்று எண்ணவும் வேண்டாம். மற்றவர் சம்பளத்துக்குச் செய்யக்கூடிய வேலையை இலவசமாகச் செய்தாலும் குடிவரவு விதி அதை வேலையாகப் பார்க்கலாம்.

வருமானம் சிறிதென்றாலும் வரிப் படிவத்தில் சுயதொழிலாகக் காட்ட வேண்டும். தொடர்ச்சியான நான்கு காலாண்டில் 30,000 டொலரைத் தாண்டும்வரை எச்.எஸ்.ரி (விற்பனை வரி) பதிவு தேவையில்லை. பஸ் ரிக்கெட், தொலைபேசிப் பில், ஒலிவாங்கி வாங்கிய ரசீது எல்லாவற்றையும் அந்தந்த வரி ஆண்டு முடிந்து ஆறு வருடம் வரை ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். வெப்பத்தில் அச்சாகும் கடை ரசீது ஒரு வருடத்தில் வெளிறிவிடும், வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள்.